லாரியில் வந்த மலை

லாஸ் ஏஞ்சலஸ் மெமோரியல் கொலிசியம் 1923இல் திறக்கப்பட்டது. முதல் உலகப் போருக்குப் போனவர்களின் நினைவாக அந்த ஊர் கட்டிக்கொண்ட பெரிய கிண்ணம் அது. 1932 ஒலிம்பிக்ஸ் அங்கே நடந்தது. 1960இல் ஜான் கென்னடி, தன் கட்சியின் வேட்பாளராக நிற்கச் சம்மதம் சொல்லிப் பேசியதும் அங்கேதான். அப்படிப்பட்ட இடத்தின் புல்தரைமேல் 1972 ஜூலையில் லோடு லோடாக மண் அடித்தார்கள். வீட்டு மனைக்கு மண் அடிப்பதுபோல டிப்பர் லாரிகள் வந்து கொட்டிவிட்டுப் போக, புல்டோசர் அதைத் தள்ளி மேடாக்கியது. இரண்டு மேட்டுக்கு நடுவே பள்ளம், பள்ளத்தைத் தாண்டினால் ஒரு கொண்டை ஊசி வளைவு. காட்டிலும் மேட்டிலும் ஓட்டவேண்டிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தை ஊருக்கு நடுவில் நாற்காலி போட்டுக் காட்ட ஒருவருக்கு ஆசை வந்திருந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போவதைவிட மலையை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவது லாபம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

பந்தயம் பிறந்த இடம் வேறு. இங்கிலாந்தில், லண்டனுக்குத் தென்மேற்கே கேம்பர்லி என்ற ஊர்ப்பக்கம், 1924இல் சிலர் புதர்க்காட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போட்டி வைத்தார்கள். ‘ஸ்கிராம்பிள்’ என்று அதற்குப் பெயர். விழுந்தடித்து ஏறுவது என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். பிரெஞ்சுக்காரர்களும் பெல்ஜியக்காரர்களும் அதை எடுத்துக்கொண்டு ‘மோட்டோகிராஸ்’ ஆக்கினார்கள். ஒரு சுற்று ஒரு மைலுக்கு மேல்கூட ஓடும். ஒரு ஓட்டம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். வேலி ஓரம் நிற்கும் ரசிகனுக்குக் கிடைப்பதோ, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சேறு தெறிக்கக் கடந்துபோகும் ஒரு கூட்டம். மற்ற நேரமெல்லாம் சத்தத்தை வைத்து யார் எங்கே இருப்பார் என்று ஊகித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதில் ஒரு சுகம் இருந்திருக்கும். டிக்கெட் விற்பவருக்கு மட்டும் அதில் சுகமில்லை.

அரங்கத்துக்குள் இந்த ஆட்டத்தை முதலில் கொண்டுவந்தது அமெரிக்கா என்று பலர் நினைத்திருக்கிறார்கள். 1948 ஆகஸ்டிலேயே பாரிஸை ஒட்டிய மோன்ட்ரூஜில், பஃபலோ ஸ்டேடியம் என்ற சைக்கிள் பந்தய அரங்கத்துக்குள் செயற்கை மேடு கட்டி மோட்டோகிராஸ் நடத்திவிட்டார்கள். ஆனால் அந்த விதை அங்கே பெரிதாக முளைக்கவில்லை. ஐரோப்பாவில் குன்றுக்கும் மழைக்கும் குறைவில்லை, ரசிகர்களும் சேற்றில் நின்று பார்க்கப் பழகியவர்கள். அங்கே மேட்டை எதற்குக் காசு கொடுத்துக் கட்டவேண்டும்?

தென் கலிபோர்னியா வேறு மாதிரி நிலம். வருடத்தில் பெரும்பாலான நாள் வெயில், ஊரைத் தாண்டினால் வறண்ட குன்று, அதையும் தாண்டினால் மொஹாவி பாலைவனம். பையன்கள் பதினான்கு பதினைந்து வயதிலேயே வண்டியைப் பிக்கப் லாரியில் ஏற்றிக்கொண்டு அப்பாவோடு கிளம்பிவிடுவார்கள். 1966இல் எடிசன் டை என்பவர் தான் இறக்குமதி செய்துகொண்டிருந்த ஸ்வீடன் நாட்டு ஹஸ்க்வர்னா வண்டியை விற்பதற்காக, டோர்ஸ்டன் ஹால்மன் என்ற உலக சாம்பியனை அமெரிக்காவுக்கு அழைத்துவந்து ஓட்டிக் காட்டச் சொன்னார். கனத்த வண்டிகளில் உருண்டுகொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள், அந்த ஸ்வீடன்காரர் இலேசான இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் பள்ளம் மேடெல்லாம் மிதந்துபோவதைப் பார்த்து வாயடைத்துப்போனார்கள். 1971இல் புரூஸ் பிரவுன் எடுத்த ‘ஆன் எனி சண்டே’ என்ற ஆவணப்படம் வந்தது. நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் அதில் வண்டி ஓட்டினார். அந்தப் படத்துக்குப் பிறகு டர்ட் பைக் இல்லாத தெரு அபூர்வம் என்கிற அளவுக்குப் பைத்தியம் பரவியது. ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி நான்கும் தங்கள் அமெரிக்கத் தலைமையகத்தை லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றித்தான் வைத்துக்கொண்டன. கம்பெனி முதலாளி ஆபீசிலிருந்து கிளம்பி அரை மணி ஒரு மணியில் போய்ப் பார்க்கக்கூடிய ஒரு பந்தயம் இருந்தால் நல்லதுதானே.

அந்தச் சமயத்தில்தான் மைக் குட்வின் வருகிறார். ராக் இசைக் கச்சேரிகள் நடத்திக்கொண்டிருந்த காண்ட்ராக்டர். மோட்டோகிராஸ் அவருக்கு ரத்தத்தில் ஊறியது என்றெல்லாம் சொல்ல முடியாது. கூட்டம் எங்கே கூடுகிறது, அதை எந்த வாசல் வழியாக உள்ளே விடலாம் என்பது ரத்தத்தில் ஊறியிருந்தது. திறந்த வெளிப் பந்தயத்தில் பாதிப்பேர் வேலிக்கு அடியில் நுழைந்துவிடுவார்கள். அரங்கத்துக்கோ வாசல் உண்டு, வாசலில் ஆள் உண்டு, உள்ளே விளக்கும் கழிப்பறையும் தின்பண்டக் கடையும் உண்டு. கச்சேரிக்குப் பாடகர் வருகிறார் என்றால் பந்தயத்துக்கு மண் வரட்டுமே. இந்த விளையாட்டின் இன்றைய உருவத்தில் எதைத் தொட்டாலும் – குட்டையான சுற்று, இரவு வெளிச்சம், வானத்தில் எகிறும் தாவல் – அதன் வேர் மோட்டார் சைக்கிளில் இருக்காது, நாற்காலியில் இருக்கும் என்பது என் கணிப்பு. பார்ப்பவனுக்கு ஒரு கணமும் கண்ணிலிருந்து மறையாத பந்தயம் வேண்டும் என்று தொடங்கி, அதற்கேற்றபடி தரையை வெட்டினார்கள். தரைக்கேற்ற வண்டி பிறகு வந்தது, வண்டிக்கேற்ற ஆள் அதற்கும் பிறகு.

பெயரிலும் குட்வின் கெட்டிக்காரர். அமெரிக்கக் கால்பந்தின் முதல் சூப்பர் பவுல் 1967 ஜனவரியில் இதே கொலிசியத்தில் நடந்தது. அந்தப் பெயரின் மணம் இன்னும் காற்றில் இருந்தபோதே தன் பந்தயத்துக்கு ‘சூப்பர்பவுல் ஆஃப் மோட்டோகிராஸ்’ என்று பெயர் வைத்தார். நீளமான பெயர் யார் வாயிலும் நிற்காது. தேய்ந்து தேய்ந்து ‘சூப்பர்கிராஸ்’ ஆனது. இன்று உலகம் முழுவதும் அந்த விளையாட்டுக்கு அதுதான் பெயர்.

1972 ஜூலை 8, சனிக்கிழமை இரவு. சுமார் 30,000 பேர் வந்தார்கள். தொண்ணூறாயிரத்துக்கு மேல் உட்காரக்கூடிய இடத்தில் முப்பதாயிரம் என்பது முக்கால்வாசிப் பந்தியில் ஆளில்லாத கல்யாணம் மாதிரி தெரிந்திருக்கும். ஆனாலும் மோட்டோகிராஸுக்கு அது கண்டறியாத கூட்டம். ஐரோப்பாவிலிருந்து பேர்போன ஓட்டக்காரர்களை வரவழைத்திருந்தார்கள். அவர்களையும் உள்ளூர்ப் பெரிய ஆட்களையும் மீறி, ஓட்டங்களின் கூட்டுக் கணக்கில் முதலிடம் பிடித்தவன் மார்ட்டி டிரிப்ஸ். சான் டியேகோ பக்கத்துப் பையன், யமஹா வண்டி. பதினாறு வயது முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. குன்றிலும் மழையிலும் பாடம் படித்த ஐரோப்பியர்களுக்கு அந்தக் குறுகலான, விளக்கு வெளிச்சம் விழும் தடம் எவ்வளவு அந்நியமோ அவனுக்கும் அவ்வளவு அந்நியம்தான். ஆனால் மறக்கவேண்டிய பழக்கம் எதுவும் அவனிடம் இல்லை. அடுத்த ஆண்டும் அவன்தான் வென்றான்.

இங்கே பந்தயத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. மண்ணை வாரி வெளியே கொண்டுபோய் ஆறே வாரத்தில், ஆகஸ்ட் 20 அன்று, அதே கொலிசியத்தில் ‘வாட்ஸ்டாக்ஸ்’ இசை விழா நடந்தது. 1965 கலவரத்தில் எரிந்த வாட்ஸ் பகுதியின் நினைவாகக் கறுப்பின மக்கள் கூடிய விழா. ஒரு டாலர் டிக்கெட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம். ரூஃபஸ் தாமஸ் பாடியபோது மக்கள் ஆடிக்கொண்டே மைதானத்துக்குள் இறங்கிவிட, புல் கெட்டுவிடும் என்ற நிர்வாகத்தின் கவலைக்காக, இருக்கைக்குத் திரும்புங்கள் என்று அவரே மைக்கில் கெஞ்சி, கேலி பேசி ஏற்றிவிட வேண்டியிருந்தது. ஜூலையில் டன் கணக்கில் மண்ணைத் தாங்கிய புல்லுக்கு ஆகஸ்டில் மனிதப் பாதம் பட்டால் ஆகாது! மைதான நிர்வாகங்களின் புல் பாசம் யாருக்கு எப்போது பொங்கும் என்று சொல்ல முடியாது.

1974இல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் அரங்கப் பந்தயங்களை ஒரு தொடராகக் கோத்தது. டேடோனா, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம், லாஸ் ஏஞ்சலஸ். முதல் சாம்பியன் ஹாலந்திலிருந்து வந்திருந்த பியர் கார்ஸ்மேக்கர்ஸ். ஆனால் அந்த ஆண்டு கொலிசியம் இரவை வென்றது செக்கோஸ்லோவாக்கியாவின் யாரோஸ்லாவ் ஃபால்டா, தன் நாட்டுச் செஸட் வண்டியில். இரும்புத்திரைக்குப் பின்னாலிருந்து வந்த ஒருவர் ஹாலிவுட் பக்கத்தில் கோப்பை வாங்கிப் போனார். அதே ஆண்டு ஐரோப்பாவில் உலகப் பட்டம் கைக்கெட்டிய நிலையில், கடைசிப் பந்தயத்தில் சோவியத் ஓட்டக்காரர்கள் அவர் வழியை மறித்து மறித்துப் பார்த்தார்கள்; பிறகு, தொடக்கத்தில் முந்திக்கொண்டார் என்ற புகாரில் அவருக்குத் தண்டனை நேரம் சேர்க்கப்பட்டு, பட்டம் சோவியத்தின் மொய்சியேவிடம் போனது. அந்த வருத்தத்தை இன்றும் செக் நாட்டில் பேசுவார்கள்.

இனி மண்ணின் கதை. தொடக்கத்தில் அந்த மேடுகள் சாதுவானவை. இயற்கைத் தடத்தின் சின்ன நகல், அவ்வளவுதான். 1970களின் தொடக்கத்தில் வண்டிகளின் சஸ்பென்ஷன் ஏறக்குறைய நான்கு அங்குலம்தான் அமுங்கும். அதை வைத்துக்கொண்டு உயரத்திலிருந்து குதித்தால் முதுகெலும்புதான் பதில் சொல்லவேண்டும். ஆனால் நாற்காலியில் இருப்பவர்களுக்குக் குதிப்பது பிடித்துவிட்டது. மேடு கொஞ்சம் உயர்ந்தது. வண்டிக்காரர்கள் சஸ்பென்ஷனை நீட்டினார்கள். அதைப் பார்த்து மேடு இன்னும் உயர்ந்தது. மாமியார் மருமகள் போட்டிபோல் இரண்டும் மாறி மாறி வளர்ந்து, இன்று பன்னிரண்டு அங்குலம் அமுங்கும் வண்டியும், மூன்று மேடுகளை ஒரே தாவலில் அறுபது எழுபது அடி தாண்டும் ‘டிரிபிள்’ தாவலும் வந்து நிற்கின்றன. ‘ஊப்ஸ்’ என்று ஒன்று உண்டு. வாஷ்போர்டு மாதிரி இடுப்புயரக் குட்டி மேடுகள் பத்துப் பன்னிரண்டு அடுத்தடுத்து இருக்கும். மெதுவாகப் போனால் ஒவ்வொன்றும் தூக்கி எறியும். வேகமாகப் போனால் முகடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு பறந்துவிடலாம், சக்கரம் ஒன்றில் தவறினால் அவ்வளவுதான். பயந்தவனுக்குத்தான் அங்கே ஆபத்து அதிகம். எந்தக் குன்றிலும் இயற்கை இப்படி ஒன்றைச் செய்து வைக்கவில்லை.

கட்டுகிற முறையும் ஒரு தொழிலாகிவிட்டது. முதலில் புல்மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் ஆயிரக்கணக்கான பிளைவுட் பலகை, அதற்கும் மேல் மண். ஒரு தடத்துக்குச் சுமார் 500 லாரி லோடு. சில நாட்களில் கட்டி, ஒரு இரவு ஓட்டி, விடியுமுன் கலைக்கத் தொடங்கிவிடுவார்கள். மண்ணை எறிந்துவிடுவதில்லை. பல ஊர்களில் ஓர் ஓரத்தில் குவித்து வைத்து அடுத்த ஆண்டு அதே மண்ணை அள்ளி வருகிறார்கள். ஊருக்கு ஊர் மண்ணின் குணம் மாறும். கிழக்குப் பக்கத்து மண் ஈரம் பிடித்து இளகி, சக்கரத் தடத்தில் வாய்க்கால் வெட்டிக்கொள்ளும். தென் கலிபோர்னியா மண் காய்ந்து சிமெண்ட் தரைபோல் இறுகி, டயர் ரப்பர் ஏறி நீலம் பாரித்து வழுக்கும். அந்த வழுக்கலில் ஆக்சிலேட்டரை அளந்து திருகத் தெரிந்த பிள்ளைகள் இந்தப் பக்கம் நிறைய. ‘ஹரிக்கேன்’ என்று பேர் வாங்கி 1977 முதல் 1979 வரை மூன்று பட்டம் தொடர்ந்து வென்ற பாப் ஹேனா, லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் பாலைவன ஓரமான லங்காஸ்டர்காரர். பிற்காலத்தில் ஏழு பட்டமும் 72 வெற்றியும் குவித்த ஜெரமி மெக்ராத்தும் தென் கலிபோர்னியாவில் வளர்ந்தவர்தான். அவர் முதலில் தேறியது மோட்டாரே இல்லாத பிஎம்எக்ஸ் சைக்கிளில். குதிப்பதை அங்கே கற்றுக்கொண்டு இங்கே வந்தார். குன்றே தேவைப்படாத ஒரு தலைமுறை அவரோடு தொடங்கியது என்று சொல்லலாம்.

கொலிசியத்துக்கென்று ஒரு தனி அடையாளம் இருந்தது. அதன் கிழக்கு முனையில் இருக்கைகளுக்கு மேலே ஒலிம்பிக் சுடர் எரியும் பெரிய வளைவும், இருபுறமும் வரிசையாகச் சின்ன வளைவுகளும் நிற்கும். ‘பெரிஸ்டைல்’ என்பார்கள். கோயிலின் கோபுர வாசல்போல. தடம் கட்டுபவர்கள் அந்தப் பக்கத்துக் காலரிப் படிகள்மேலேயே மண்ணைக் கொட்டி சாய்தளம் போட்டார்கள். ஓட்டக்காரர்கள் மைதானத் தரையிலிருந்து காலரி உயரத்துக்கு மேலே ஏறி, வளைவுக்குள் புகுந்து, அரங்கத்துக்கே வெளியே போய், திரும்பி இன்னொரு வளைவு வழியாக வந்து, தலைகுப்புறச் சரிவில் பாய்வார்கள். கீழே இருக்கிறவனுக்கு, வானத்திலிருந்து வண்டி கொட்டுவதுபோல் இருக்கும். எனக்குப் பிடித்தது அந்தப் பாய்ச்சல்கூட இல்லை, அதற்கு முந்தைய சில நொடி. கண்ணிலிருந்து மறையாத பந்தயம் என்று சத்தியம் செய்து கட்டிய இடத்தில், இங்கே மட்டும் வண்டிகள் மறைந்துபோகும். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்கும். வளைவுக்குள் முதலாவதாகப் போனவனே முதலாவதாக வருவானா என்று கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். வேலி ஓரத்து ஐரோப்பிய ரசிகன் அனுபவித்த அதே ஊகம், நகரத்து நடுவில்.

குட்வினின் கதை கறுத்துப்போனது. கார் பந்தய உலகில் மிக்கி தாம்சன் பெரிய பெயர். 1960இல் பான்னவில் உப்புவெளியில் மணிக்கு 400 மைலைத் தாண்டிய முதல் அமெரிக்கர். அவரும் பாலைவன ஜீப் பந்தயங்களை அரங்கத்துக்குள் கொண்டுவந்தவர். மண் அடித்த மைதானம், டிக்கெட் வாசல், அதே கணக்கு. 1984இல் இருவரும் கூட்டு சேர்ந்தார்கள். சீக்கிரமே பிரிந்தார்கள். வழக்கு தாம்சன் பக்கம் தீர்ந்து, குட்வின் 5 லட்சம் டாலருக்கும் மேல் கொடுக்கவேண்டி வந்தது. அவர் திவாலானார். 1988 மார்ச் 16 காலையில், லாஸ் ஏஞ்சலஸுக்கு அருகே பிராட்பரியில் தாம்சனும் அவர் மனைவி டுரூடியும் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்ட இருவரும் தப்பிப்போனது சைக்கிளில். அவர்கள் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. கொலையைத் தூண்டியவர் என்று குட்வின் 2001 கடைசியில் கைதானார். 2007இல் ஜூரி குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. பரோல் இல்லாத இரண்டு ஆயுள் தண்டனை. தான் செய்யவில்லை என்றுதான் அவர் சொல்லிவந்தார். மண்ணைக் கொண்டுவந்து கொட்டிய மனிதரின் பெயரை அந்த விளையாட்டின் விழா மேடைகளில் யாரும் உரக்கச் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

1992 ஏப்ரல் 29. ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்கள் விடுதலையான அன்று நகரம் பற்றி எரிந்தது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொலிசியம் இருக்கும் இடம் தெற்கு லாஸ் ஏஞ்சலஸ், நெருப்பின் மடியில். அங்கே நடக்கவேண்டிய சூப்பர்கிராஸ் தள்ளிப்போய் ஜூலையில் நடந்தது. தள்ளிப்போனதால் அதுவே ஆண்டின் இறுதிப் பந்தயமாகவும் ஆனது. டேமன் பிராட்ஷா அந்த ஆண்டு ஒன்பது பந்தயம் வென்றிருந்தார். பட்டம் அவர் சட்டைப் பையில் இருக்கிறது என்றார்கள். அன்று இரவு அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஜெஃப் ஸ்டான்டன் பந்தயத்தை வென்று, மூன்றே புள்ளியில் பட்டத்தையும் எடுத்துக்கொண்டார். பிராட்ஷா அதற்குப் பிறகு பழைய பிராட்ஷாவாக வரவேயில்லை. அடுத்த ஆண்டே, 21 வயதில், போதும் என்று ஒதுங்கினார்.

1993இல் கொலிசியத்தின் தரையை 11 அடி ஆழம் தோண்டி இறக்கி இருக்கைகள் கூட்டினார்கள். 1994 ஜனவரி நிலநடுக்கத்தில் கட்டடம் பலமாக அடிபட்டது. பந்தயத்தின் வீடு தெற்கே அனஹைம் பேஸ்பால் அரங்கத்துக்கு மாறிவிட்டது. அங்கே 1976லிருந்தே மண் போய்க்கொண்டிருந்தது. அனஹைமைப் புதுப்பிக்க மூடியபோது 1997, 1998 இரண்டு ஆண்டும் தொடரின் முதல் பந்தயம் கொலிசியத்துக்குத் திரும்பியது. 1998 ஜனவரி இரவில் மழை. வெயிலுக்குப் பேர்போன ஊரில் தடம் முழுக்கச் சேறு. மெக்ராத் உட்பட எல்லாரும் தடுமாற, ஐரோப்பாவிலிருந்து விருந்தாளியாக வந்திருந்த செபாஸ்டியன் டோர்டெல்லி என்ற பிரெஞ்சுக்காரப் பையன் வென்று போனான். அவனுக்குச் சேறு சொந்த ஊர்.

பிரான்ஸுக்கு அதற்கு முன்பே பதில் மரியாதை போயிருந்தது. 1984இல் பாரிஸில் பெர்சி உள்ளரங்கம் திறந்த ஆண்டே அங்கே சூப்பர்கிராஸ் நடந்தது. 1948இல் பாரிஸ் மறந்துபோன சங்கதி கலிபோர்னியா வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு சேர்ந்தது. 2024 ஜனவரியில் புனேயில் இந்திய சூப்பர்கிராஸ் லீக் தொடங்கியபோது பாலேவாடி மைதானத்திலும் லாரி லாரியாக மண் கொட்டினார்கள். அமெரிக்காவின் சூப்பர்கிராஸ் தொடரை 2008 முதல் நடத்துவது ஃபெல்ட் நிறுவனம், ரிங்லிங் சர்க்கஸின் சொந்தக்காரர்கள். ஊர் ஊராகப் போய்ச் சர்க்கஸ் காட்டுகிறவர்களுக்கு ஊர் ஊராக மண் அடித்துப் பிரிப்பது புதிதாக இருந்திருக்காது.

2022இலிருந்து மூன்று ஆண்டு கொலிசியத்துக்குள் தார் போட்டுக் கார் பந்தயம் நடத்தினார்கள். அதற்கு நடுவே, 2023 செப்டம்பர் 23 அன்று, 25 ஆண்டுக்குப் பிறகு மண் திரும்பி வந்தது. சூப்பர்மோட்டோகிராஸ் என்ற புதிய தொடரின் இறுதிப் போட்டி. இருபது வயது ஆஸ்திரேலியன் ஜெட் லாரன்ஸ் வென்று 10 லட்சம் டாலர் பரிசு வாங்கினான். பெரிஸ்டைல் பாய்ச்சலையும் மறக்காமல் கட்டியிருந்தார்கள். வளைவுக்கு மேலே ஒலிம்பிக் கொப்பரை, அதற்குக் கீழே படிகளை மூடிய மண். பந்தயம் முடிந்ததும் பொக்லைன்கள் அந்தச் சரிவைத்தான் இடிக்கவேண்டும், பிறகு டிரிபிள், பிறகு ஊப்ஸ், பிறகு பலகையை உருவி, பிளாஸ்டிக்கைச் சுருட்டி, கீழே மஞ்சள் பாய்ந்து கிடக்கும் புல்லுக்குத் தண்ணீர் திறந்துவிட வேண்டும். அடுத்த வாரங்களில் அங்கே கல்லூரிக் கால்பந்து இருந்தது.